வெளிச் சாமான்

என் மாமனாருக்கு உலகத்தில் இரண்டே இடம்தான். ஒன்று உள்ளே, இன்னொன்று வெளியே. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆயுசு முழுக்க ரைட்டராக இருந்தவர். விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு, நீ காட்டுக்குப் போ, நீ களத்துக்குப் போ, நீ வீட்டுக்கே போ என்று பிரித்து அனுப்பிப் பழகிய வாய். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு வரிசையில் நிறுத்த ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் மருமகளாக வந்து சேர்ந்தேன்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஏரிக்குப் போகிற ரோட்டில் சின்னதாக ஓட்டல் வைத்திருந்தார். இளையவர் என் வீட்டுக்காரர். அண்ணன் கடையில் கல்லாவைத் தவிர எல்லா வேலையும் பார்ப்பார். மாரமங்கலம் பஸ் போகிற பாதையில் எங்கள் ஓட்டு வீடு. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அடுப்படி அதிகாரம் மூத்தவருடைய சம்சாரத்திடம் இருந்தது. அவளை அக்கா என்று கூப்பிடுவேன். முகத்துக்கு நேரே 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். எழுதும்போது எதற்கு?

வீட்டை மாமனார் மூத்த மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு அது தெரிந்ததே ரொம்ப நாள் கழித்து, அக்கா ஒரு சண்டையில் வாய் தவறிச் சொன்னபோதுதான். வாய் தவறி என்று நானாகச் சொல்கிறேன். அவளுக்கு வாய் தவறவே தவறாது.

இந்தக் கதை ஒரு இரும்பு பெஞ்சைப் பற்றியது. என் அப்பாவுக்குச் சேலத்தில் கிரில் பட்டறை. இரும்புக் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். என் கல்யாணத்துக்குத் தேக்குக் கட்டில் கேட்டார்கள். அவரால் முடியவில்லை. அந்த வெட்கத்தில் ராப்பகலாக உட்கார்ந்து தன் கையாலேயே இந்தப் பெஞ்சைச் செய்தார். முதுகுச் சாய்மானத்தில் கொடியும் இலையும் வளைத்து வைத்திருந்தார். நட்டு போல்ட்டே கிடையாது, எல்லாம் வெல்டிங். பஸ் கூரையில் கட்டி மலையேற்றிக் கொண்டுவந்து இறக்கி, துண்டால் துடைத்துவிட்டு நின்றார். மாமனார் ஒரு பார்வை பார்த்தார். "இதென்ன, பார்க்குல போடற பெஞ்சா? வெளிய போடு" என்றார். அப்பா சிரித்த மாதிரி ஏதோ செய்தார். வாசலில் இருந்த சில்வர் ஓக் மரத்தடியில் அவரே இழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனார். மறு வருஷம் நெஞ்சு வலியில் போய்விட்டார். பட்டறையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அப்பா என்று சொல்ல எனக்கு இருந்தது அந்தப் பெஞ்சு ஒன்றுதான்.

அந்த வீட்டில் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை, என்னைத் தவிர. மாதத்தில் மூன்று நாள் நான் வெளியே. வீட்டுவிலக்கு என்று மற்றவர்கள் நாகரிகமாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் 'வெளிய' என்ற ஒரே சொல்தான். 'அவ வெளிய' என்று அக்கா சொன்னால் முடிந்தது, வாசற்படி தாண்டக் கூடாது. ராத்திரிக்கு விறகுக் கொட்டகை, பகலுக்கு இந்தப் பெஞ்சு. சேலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஏற்காட்டுப் பனி என்ன செய்யும் என்று யாருக்கும் கவலையில்லை. ஒரு கம்பளியும் ஒரு அலுமினியத் தட்டும் எனக்கென்று தனியாகக் கொட்டகையில் கிடக்கும். அக்கா சோற்றைத் தூக்கித் தட்டில் போடும்போது பாதி வெளியே சிதறும்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. அதனால் அவள் வருஷம் முழுக்க உள்ளே. அதற்கு முன்னால் அவளும் அதே கொட்டகையில் படுத்தவள்தான். அந்தக் குளிர் தெரிந்தவள் கொஞ்சம் இரக்கம் காட்டுவாள் என்று ஆரம்பத்தில் நம்பினேன். எவ்வளவு பைத்தியக்காரி நான். ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அவள்தான் தீட்டுக்குக் காவல். மாமனார் சட்டம் போடுவார், அவள் தடி எடுத்து நிற்பாள்.

ஒரு தடவை சீசனில் பெங்களூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி வழியில் நின்று, கொஞ்சம் எழுந்துகொள்கிறீர்களா, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். எழுந்துகொண்டேன். கொடியும் இலையும் ரொம்ப அழகு என்று என் அப்பாவைப் புகழ்ந்துவிட்டு, ஒட்டி உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். தீட்டு அவர்களோடு பெங்களூர் போயிற்று. ஒன்றும் ஆகியிருக்காது.

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் ஒரு மில்லில் ஸ்டோர் வேலை கிடைத்தது. எனக்குச் சாமி கண் திறந்த மாதிரி இருந்தது. வாடகைக்கு ஒரு வீடும் பார்த்தாயிற்று. ஆனி கடைசியில் ஒரு நாள் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து மாமனார் பாகம் பிரித்தார். நான் சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"உள்ள இருக்கற சாமான் இந்த ஊட்டுது. வெளிய கெடக்கறது பூராவும் சின்னவன் எடுத்துக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

உள்ளே என்ன இருந்தது? பீரோ, கட்டில்கள், ரேடியோ, பித்தளை அண்டா, என் சீர்ப் பாத்திரங்கள். ஆமாம், என் பாத்திரங்கள்தான், என் பேர் வெட்டியது. அதைச் சொன்னேன். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. மகனைப் பார்த்து, அதெல்லாம் உள்ள இருக்குதா வெளிய இருக்குதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளதானுங்கப்பா என்றார். அந்த ஆள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

வெளியே கிடந்தது என்ன? சீசனுக்கு வருகிறவர்களுக்காக வாங்கிப் போட்டு நனைந்து இற்றுப்போன இரண்டு பிரம்பு நாற்காலி. மிளகு உருவுவதற்குப் போட்டிருந்த ஒரு சில்வர் ஓக் மேசை. ஓட்டலில் கழித்துக் கட்டிய மடக்கு நாற்காலிகள். கொஞ்சம் சிமெண்டுப் பூத்தொட்டி. அப்புறம் பெஞ்சு. குப்பையைத் தலையில் கட்டிவிட்டோம் என்று அவர்களுக்குச் சந்தோஷம். பாத்திரம் போனால் போகட்டும், பெஞ்சு மட்டும் என்னோடு மலையிறங்கியாக வேண்டும் என்று நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஆடியில் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆடி முழுக்க எனக்கு அந்த வாசலில்தான் பிழைப்பு. மலையில் ஒரு சாமானை வெளியே விட்டால் அதைக் காடு தனதாக்கிக்கொள்ளும். மேசைக் காலில் பாசி, நாற்காலிப் பிரம்பில் கறுப்பாகப் பூஞ்சணம், மடக்கு நாற்காலியின் போல்ட்டெல்லாம் துருவேறி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தது. தேங்காய் மட்டையில் சலவைச் சோடாவைத் தொட்டுத் தேய்த்துப் பாசியை எடுத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறப்போட்டால்தான் நட்டு அசையும். பிரம்பை வெந்நீரில் கழுவினால் அது காய வேண்டும். ஆடியில் ஏது வெயில்? சூரியன் எட்டிப் பார்த்தால் எடுத்துப் பரப்புவேன், தூறல் வந்தால் ஓடிப்போய் மூடுவேன். வெயிலைவிட என் ஓட்டம்தான் அதிகம்.

ஒரு தடவை மழைக்கு நாற்காலியை இறவாரத்துக்கு அடியில் இழுத்து வைத்தேன். அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, ஓட்டுக்குக் கீழ வந்துருச்சுன்னா அது உள்ள கணக்கு, பாத்துக்க" என்றாள். கண்ணு என்ற சொல்லை அவள் சொல்லும்போது காறித் துப்பினது போல இருக்கும். நாற்காலியை மறுபடியும் மழைக்கு இழுத்து, உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கைக் கிழித்து மேலே போர்த்தினேன். அன்றையிலிருந்து ஓட்டுத் தண்ணீர் விழுகிற கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாமானும் வராமல் பார்த்துக்கொண்டேன். நனைந்தால் நனையட்டும்.

அந்த ஆடியில்தான் மாமனார் பின்பக்கம் குளியலறைக்குப் போகிற வழியில் பாசி வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி. கோல் இல்லாமல் நடக்க முடியாமல் போயிற்று. ராத்திரியில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தார். துணியைத் துவைப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை. என்னைக் கூப்பிட்டு வேலை சொல்லவாவது அவருக்கு நான் தேவைப்பட்டேன். நாங்கள் போன பிறகு இந்தப் பாடு தன் தலையில் விழும் என்று அக்கா கணக்குப் போட்டிருப்பாள். அவர் படுத்திருந்த முன்னறையை சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்று மூத்தவர் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். இதெல்லாம் என் காதில் விழுந்தது. விழுந்து என்ன, எனக்கு அப்போது பெஞ்சைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஒரு நாள் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் மரத்தடியில் பெஞ்சைக் காணோம். நாலு கால் பதிந்த குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. உள்ளே ஓடினேன். கூடத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில், மேலே பூப்போட்ட பெட்ஷீட் விரித்து, அதன்மேல் தலையணையும் வைத்து, என் அப்பாவின் பெஞ்சு உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் உள்ளே விடாத பெஞ்சு.

அக்கா காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள். "மழைல துருப் புடிச்சு நாசமாப் போயிருமேன்னு எங்க ஊட்டுக்காரருதான் தூக்கி உள்ள போட்டாரு. உனக்கு நல்லது பண்ணா அதுக்கும் மூஞ்சியத் தூக்கிக்கற."

மாமனாரைப் பார்த்தேன். அவர் ரேடியோவில் மாநிலச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா செஞ்சதுங்க மாமா, அது ஒண்ணை மட்டும் குடுத்துருங்க என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ள இருந்தா உள்ளதான், சொன்னதை மாத்தறதுக்கு நான் என்ன கோமாளியா என்று சொல்லிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஒரு பெஞ்சுக்காக இப்ப எதுக்குப் பிரச்சினை, சேலத்துல புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம் என்றார். உங்க அப்பாவையும் சேலத்துல புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் அந்த ஆளோடு பேசவில்லை.

பேசாமல் இருந்த நேரத்தில் யோசித்தேன். அவர்களுடைய சட்டத்தை வைத்தே அவர்களை அடிக்க வேண்டும். எனக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பலம்தான் இருந்தது, அதுவும் மாதத்தில் மூன்று நாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விறகுக் கொட்டகைக்குப் போய்க் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அலுமினியத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். அக்கா ஜன்னலில் பார்த்தாள். 'அவ வெளிய' என்று உள்ளே சொல்வது எனக்குக் கேட்டது. காப்பி நேரம் வரட்டும் என்று காத்திருந்தேன். கூடத்தில் எல்லோரும் கூடுகிற சத்தம் வந்ததும், கம்பளியோடும் தட்டோடும் வாசற்படி ஏறி, கூடத்துக்குள் நடந்து, பெட்ஷீட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

மூத்தவர் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"ஏ, நீ வெளியதான?" என்றாள் அக்கா.

"ஆமாங்க அக்கா. அப்பா பெஞ்சைப் பாத்ததும் நெனப்பில்லாமப் போயிருச்சுங்க."

மாமனார் கோலை ஊன்றி எழுந்தே நின்றுவிட்டார். இடுப்பு வலி எங்கே போயிற்றோ. அவர் முகம் சிவந்ததை அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. மூன்று நாளில் அவர் பக்கத்தில் போக எனக்கு எப்போது அனுமதி இருந்தது? கத்தினார். "அந்தக் கருமத்தைத் தூக்கி வெளிய போடுங்கடா. இனி அது இந்த ஊட்டுக்குள்ள வரக் கூடாது."

வெளிய. அவர் வாயாலேயே, எல்லோரும் கேட்க. நான் எழுந்துகொண்டேன். அண்ணனும் தம்பியும் பெட்ஷீட்டைத் தொடாமல் பெஞ்சின் காலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். என் வீட்டுக்காரர் எனக்காக உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது. பின்னாலேயே அக்கா மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தாள். பெட்ஷீட்டையும் தலையணையையும் வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். புதுத் தலையணை. நன்றாக வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே இல்லை. அதற்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. இதைச் சொல்வதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது, இப்போது நினைத்தாலும் குளுகுளுவென்றுதான் இருக்கிறது.

பொய்யைக் காப்பாற்ற மூன்று நாள் கொட்டகையில் படுக்க வேண்டியிருந்தது. அதுவும் நல்லதுக்குத்தான். வீட்டு வேலை இல்லை, கூப்பிட ஆள் இல்லை. கம்பி பிரஷ்ஷால் பெஞ்சின் துருவை முழுக்கச் சுரண்டினேன். கொடி வளைவுக்குள் பிரஷ் போகாது, உப்புத்தாளைச் சுருட்டி விரல் நுனியால் தேய்த்தேன். அப்பா வெல்டிங் வைத்த ஒவ்வொரு புடைப்பும் கைக்குத் தட்டுப்பட்டது. அழுதேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன். அப்புறம் மறுபடி துரு ஏறாமல் இருக்க ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு. ஓட்டல் ஷட்டருக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை என் வீட்டுக்காரர் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதை அடித்தேன். ஆனால் அந்த ஈரத்தில் பெயிண்டு எங்கே காயும்? தொட்டால் விரலில் ஒட்டும், ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும் ஒட்டும். கழற்ற முடியாத பெஞ்சு என்பதால் முழுசாகத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்; கைப்பிடியில் சுற்றச் சாக்கும் சணல் கயிறும் தயாராக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏதோ திட்டம் போடுகிறாள் என்று அர்த்தம். ராத்திரிப் படுக்கையை விட்டு எழுந்து வந்து மரத்தடியைப் பார்த்துவிட்டுப் போவேன். பெஞ்சு இருக்கும்.

ஆவணி பிறந்து ஒரு நல்ல நாள் பார்த்தோம். காலையில் டெம்போ வந்துவிட்டது. மூத்தவர் எங்களை வழியனுப்பக்கூட நிற்காமல் சாமான் ஏற்றும்போதே ஓட்டலுக்குக் கிளம்பிவிட்டார். மேசை ஏறிற்று, பிரம்பு நாற்காலி ஏறிற்று, பூத்தொட்டியெல்லாம் ஏறிற்று. கடைசியாகப் பெஞ்சைக் கட்டலாம் என்று சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தேன். பனி இறங்கி மரமே மங்கலாகத்தான் தெரிந்தது. பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மாமனார். தலையில் குரங்குக் குல்லாய், தோளில் சால்வை. காலடியில் அவருடைய டிரங்குப் பெட்டி, சுருட்டிக் கட்டிய மெத்தை, மூத்திரக் குவளை. ஆயுசில் முதல் தடவையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூத்தவர் கடைக்குப் போகும்போது காற்றாட உட்காருங்கள் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அக்கா வாசற்படிக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "வெளிய இருக்கறது பூராவும் உங்களுக்குத்தானுங்களே தம்பி. மாமா சொன்னதுதான். நாங்க என்ன புதுசாவா சொல்றோம்?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கோபம் என்று ஒன்றைப் பார்த்தேன். ஆனால் அவர் பேசுவதற்குள் மாமனார் கோலைத் தரையில் தட்டினார். பேசாதடா, வண்டியில ஏத்து என்றார். குரல் ரைட்டர் குரல்தான்.

எனக்கு அழுகையும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு வீட்டையும் கொடுத்து, பண்டபாத்திரத்தையும் கொடுத்து, என் பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்து, கடைசியில் அவர் நனைக்கிற துணி மட்டும் என் பங்குக்கு வருகிறதே என்று வயிறு எரிந்தது. பெஞ்சை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படிப் போனால் அவரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனதாகிவிடும். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். பெஞ்சு வேண்டுமென்றால் அவர். என்ன மூளை அவளுக்கு.

"எந்திரிங்க மாமா, பெயிண்டு காயல" என்றேன்.

என் வீட்டுக்காரர் கைகொடுத்துத் தூக்கினார். வெள்ளை வேட்டியின் பின்பக்கத்தில் பெஞ்சுக் கம்பி அத்தனையும் பச்சைப் பச்சையாகக் கோடு போட்டிருந்தது. உள்ளே அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுகூடச் சிரிக்கவில்லை. அவர் அவளுக்கும் மாமனார்தான், அவளுக்கு வீட்டையே கொடுத்த மாமனார். அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் டெம்போவின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நான் பின்னால், சாமான்களோடு, அதே பெஞ்சில் உட்கார்ந்து மலையிறங்கினேன். வளைவுக்கு வளைவு கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். என் புடவையும் பச்சையாயிற்று. வழி முழுக்க அந்த வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டிக்கொண்டே வந்தேன். டெம்போ சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது?

சேலத்து வீடு வரிசை வீட்டில் கடைசி. இரண்டு அறை, முன்னால் ஒரு முழம் சிமெண்டுத் தளம். பெஞ்சை அங்கே ஜன்னலடியில் போட்டோம், உள்ளே நிலையில் நுழையாது. நான் பால் காய்ச்சப் போனேன். பால் பொங்கி, சாமி படத்துக்கு வைத்து, டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தால் மாமனார் உள்ளே இல்லை. பெயிண்டு வேட்டியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிரங்குப் பெட்டியையும் உள்ளே கொண்டுபோக விடவில்லையாம். டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் உள்ளயா, வெளியவா?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. தீர்ப்புச் சொல்லத்தான் அவருக்குத் தெரியும், தீர்ப்புக்குக் காத்திருந்து பழக்கமில்லை. வெளிய என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனை மாசம், எத்தனை மூன்று நாள். சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர்கூட என்னைக் கேட்டிருக்க முடியாது.

"உள்ளதானுங்க மாமா" என்றேன். "ஆனா ஒண்ணுங்க. இந்த ஊட்டுல அந்த மூணு நாளும் நானும் உள்ளதான் இருப்பேன். அடுப்பும் நாந்தான், சோறும் நாந்தான். உங்களுக்கு ஆகாதுன்னா அந்த மூணு நாளைக்கு நீங்க வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துக்குங்க."

டம்ளரை வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் புரட்டாசி. காலையில் எனக்கு வந்துவிட்டது, இந்தத் தடவை நிஜமாகவே. மறைக்கவில்லை. மாமா, நான் வெளிய என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டு இட்லிக்கு ஊற்றினேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு, கோலை ஊன்றி, வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். இட்லியைக் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. என் வீட்டுக்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன்.

சேலத்துப் புரட்டாசி வெயில் எனக்குத் தெரியும், மலையிலேயே இருந்தவருக்குத் தெரியாது. ஏறுவெயிலில் துண்டை மடித்து அடியில் போட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து நின்றார். நிற்க இடுப்பு விடவில்லை, மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இரும்பு அப்படிக் காய்ந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

உச்சி வேளைக்கு உள்ளே வந்தார். அடுப்படி நிலைப்படியில் கோலைச் சாத்திவிட்டு, எனக்கு எதிரிலேயே தரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"சோறு போடு" என்றார்.

போட்டேன்.